சிங்கப்பூரிலிருந்து ஏழு மணி நேரம்

ஏழு மணி நேரம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொன்னவர் ஒரு பாவமும் அறியாதவராக இருப்பார். ரயில் ஏழு மணி நேரம் தாமதம் என்றோ, நேற்று நன்றாக ஏழு மணி நேரம் தூங்கினேன் என்றோ சொல்லியிருப்பார். நான் அவரை முறைத்துக்கொண்டு நிற்பேன். என் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. "அம்மாவுக்கு சிங்கப்பூர் வந்துடுச்சு" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும். அவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதியவர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. உத்திரமேரூரில் எங்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. தோட்டத்துப் பக்கம் நின்றால் பள்ளிக்கூடத்துப் புளியமரம் தெரியும். மணி அடித்தால் எங்கள் மாடுகள்கூடக் காதை ஆட்டும். முதல் மணிக்குச் சாப்பிட உட்கார்ந்து இரண்டாம் மணிக்குள் ஓடிவிடலாம் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். அவ்வளவு பக்கம்.

நான் எட்டாவது படித்தேன். அப்போது எட்டாவதுக்கு அரசாங்கப் பரீட்சை உண்டு. அதில் தேறினால் டீச்சர் டிரெயினிங் சேரலாம். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்தால் பள்ளிக்கூடத்தில் வேலை. இதை எனக்குச் சொன்னவர் கணக்கு எடுத்த டீச்சரம்மா. செங்கல்பட்டுக்காரர், கிறிஸ்தவர், வாடகைக்கு அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஒரு பெண் தன் சம்பளத்தில் தானே அரிசி வாங்கித் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடுவதை நான் அவரிடம்தான் பார்த்தேன். எனக்கும் அப்படி ஒரு அறையும் ஒரு சாவியும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நைனாவிடம் சொன்னேன். நைனா என்றால் என் அப்பா, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர், அதிகம் பேச மாட்டார். "மொதல்ல பரிச்ச எய்து பாஸ் பண்ணு. அப்பால பாக்கலாம்" என்றார். என் வீட்டில் அது சம்மதம் என்று அர்த்தம்.

எனக்குக் கணக்கில் மிகவும் பிடித்தது காலமும் தூரமும். ஒரு ரயில் இந்த ஊரிலிருந்து இத்தனை மணிக்குப் புறப்படுகிறது, மணிக்கு இத்தனை மைல் வேகம், அந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும்? இந்த மாதிரிக் கணக்கை டீச்சரம்மா கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிடுவேன். நான் ரயிலில் ஏறினதே கிடையாது. ஆனால் எந்த ரயிலும் என்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன்பு நான் பெரியவளானேன். அழவில்லை. உடனே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்துக்கொள்வார்கள். ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை திங்கட்கிழமை ஆரம்பம். அடேயப்பா, தப்பித்தோம் என்று இருந்தது. ஒன்பது நாளும் உட்கார்ந்து படிக்கலாம், வேலை வாங்கமாட்டார்கள் என்றுகூடச் சந்தோஷப்பட்டேன்.

வாசலில் ஒரு மூலையில் பச்சைத் தென்னங்கீற்றால் குச்சு கட்டினார்கள். குச்சு என்றால் ஒரு ஆள் உட்காரவும் காலை மடக்கிப் படுக்கவும் இடமுள்ள குடிசை. உள்ளே நான், ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. நுழைகிற இடத்தில் குறுக்கே உலக்கையைப் போட்டுவிட்டார்கள். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, ஊரில் எல்லாப் பெண்ணும் உட்கார்ந்ததுதான். என் கதையைக் கெடுத்தது குச்சு இல்லை. தாய்மாமன்.

குச்சு கட்டவேண்டியவன் தாய்மாமன். ஓலை வெட்டி வருவது அவன், கடைசி நாளில் பெண்ணுக்கு அவளுடைய முதல் புடவையைக் கையில் கொடுத்து, உலக்கையை எடுத்துப் போட்டுப் பெண்ணை வெளியே அழைப்பது அவன். எனக்கு இருந்தது ஒரே தாய்மாமன், அம்மாவுக்குத் தம்பி. அவர் சிங்கப்பூரில் துறைமுகத்துக் குடோனில் வேலை பார்த்தார். கப்பலேறிப் போனவர் நான் சிறுமியாக இருந்ததிலிருந்து வரவே இல்லை. அதனால் அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவர் காவாந்தண்டலத்திலிருந்து வந்து மாமன் பேரைச் சொல்லி ஓலையைக் கட்டிவிட்டுப் போனார். மாமனுக்குத் தந்தி அடித்தார்கள். வழக்கமாக வெளியூரில் இருக்கிற மாமனுக்குச் சேதி சொல்வது மரியாதைக்குத்தான். அவன் வராவிட்டால் கடைசி நாளும் அந்தச் சித்தப்பா மகனே புடவையைக் கொடுத்துவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இரண்டு நாளில் பதில் தந்தி வந்தது. போஸ்ட்மேன் வாசலில் நின்றபடியே இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். "விமானத்துல வர்றாராம்." அவ்வளவுதான் தந்தி.

எங்கள் தெருவில் அதுவரை யாரும் விமானத்தில் வந்ததில்லை. கப்பலில் வந்தவர்கள் உண்டு, மிலிட்டரி லாரியில் வந்தவர்கள் உண்டு. விமானத்தில் வருகிற முதல் மனுஷன் எங்கள் வீட்டுக்கு வருகிறார், அதுவும் அம்மாவின் பிறந்த வீட்டு மனுஷன். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டுச் சீர் வண்டி பாதி காலியாக வந்ததாம். நைனாவின் அக்கா, அதாவது என் அத்தை, தாலி அறுத்துக்கொண்டு வந்து எங்களோடேயே இருந்தவள், அந்தக் காலி வண்டியை வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டே இருந்தாள். தீபாவளி வந்தால் காலி வண்டி, பொங்கல் வந்தால் காலி வண்டி. இப்போது அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஆகாயத்தில் வருகிறார்.

அன்று சாயங்காலம் நைனா சந்தைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே தென்னேரியைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தாராம், போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவர். ஓலைக்கு வெளியே நைனாவின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அங்கிருந்து மெட்ராஸ் ஏயு மணி நேரந்தானாம். ஏயே மணி நேரம். அங்க நாஷ்டா துன்னுட்டு ஏறினா இங்க சாயங்காலம் டீ குடிக்கலாம்னு சொல்றான்."

"கடல் மேலயா?" என்றாள் அத்தை.

"கடல் மேலதான். இன்னா, நடுவுல ஏரிக்கரையா கீது?"

அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பெரிய முட்டாள்தனம் ஆரம்பமாயிற்று. படிக்காதவர்கள் செய்த தப்பு என்று தள்ளிவிட முடியாது. படித்த நானும் அதில் விழுந்தேன். பயணம் ஏழு மணி நேரம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த விமானம் எப்போது புறப்படும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது செங்கல்பட்டு பஸ். அது போகும், வரும், விட்டால் அடுத்தது. விமானமும் அப்படித்தான் சிங்கப்பூரில் உறுமிக்கொண்டு நிற்கிறது, மாமா பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஏறவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். தந்தி இன்றைக்கு வந்தது, ஏழு மணி நேரம், ஆகவே நாளைக்கு ஆள் வரவேண்டும். நாளைக்கு வரவில்லையா, நாளை மறுநாள் வந்தே தீரவேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மாட்டைக் குளிப்பாட்டிக் கழுத்தில் மணி கட்டி வண்டியை பஸ் நிற்கிற இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார் நைனா. வீட்டில் வடை, பாயசம். கடைசி பஸ்ஸும் வந்து போயிற்று. வெறும் வண்டி திரும்பி வந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை, அது அம்மாவுக்கு இன்னும் மோசமாக இருந்திருக்கும். அதற்கு மறுநாளும் வண்டி போயிற்று. அதற்கு மறுநாளும். மாடுகளுக்கே வழி பழகி, சாயங்காலம் ஆனால் தாமாகவே எழுந்து நின்றன. வடையைத் தெருவில் கொடுத்துக் கொடுத்துத் தெருவே எங்கள் மாமனுக்காகக் காத்திருந்தது.

நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். பூகோளப் புத்தகத்தில் இருந்த படத்தில் ஓலை ஈர்க்கால் மெட்ராஸையும் சிங்கப்பூரையும் அளந்தேன். படத்தின் அளவுப்படி ஆயிரத்தெண்ணூறு மைல் சொச்சம் வந்தது. ஏழால் வகுத்தேன். ஒரு மணிக்கு எத்தனை மைல் என்று வந்ததைப் பார்த்து வியந்து போனேன். எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டு போகிற நேரத்தில் அது கடலில் எங்கேயோ போயிருக்கும். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மாமன், எனக்காக, அவ்வளவு வேகத்தில் வருகிறார் என்று.

ஒன்பதாம் நாள் வந்தது. மாமா வரவில்லை. காவாந்தண்டலத்துச் சித்தப்பா மகன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார், தேவைப்பட்டால் புடவையைக் கொடுக்க. நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தேன். வெளியே நடந்த பேச்சு இப்போதும் வார்த்தை மாறாமல் என் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா, முடிச்சிடலாமா?" என்றார் அவர்.

"ஏயு மணி நேரத்துல வர்ற ஆளு. இன்னிக்கி சாயங்காலம் வந்து நின்னான்னா நா மூஞ்ச எங்க வெச்சிக்கிறது?" என்றாள் அம்மா. "அவன் பணத்தக் கொட்டிக்கினு ஆகாசத்துல பறந்து வரான். நீங்க ஓலைய பிரிச்சிட்டீங்களான்னு கேட்டா நா இன்னா பதில் சொல்றது?"

"அப்ப பதினொண்ணுல வெச்சிக்கலாம்" என்றாள் அத்தை. ஒற்றைப்படையாக இருந்தால் போதும் என்பது வழக்கம். ஒன்பது, பதினொன்று, பதினைந்துகூட உண்டு.

"பரிச்ச?" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். குச்சுக்குள் இருக்கிற பெண் சத்தம் போடக்கூடாது. நான் போட்டேன்.  வெளியே, நான் பேசவே இல்லை என்பதுபோல, வேறு பேச்சை ஆரம்பித்தார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சரம்மா வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டின வெள்ளைப் புடவையோடேயே வந்துவிட்டார். நைனா நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"நாளைக்குப் பரீட்சை. பொண்ணை அனுப்புங்க" என்றார். "உங்க வழக்கம் எனக்குத் தெரியும். நான் குறுக்க பேசலை. வராந்தாவுல தனியா ஒரு பெஞ்சு போட்டுத் தரேன். யாரும் அவளைத் தொடவேண்டாம். எழுதி முடிச்சதும் நானே கூட்டிட்டு வந்து இந்தக் குச்சுல விட்டுட்டுப் போறேன்."

நைனா பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நான் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவர் தலை மெதுவாக ஆட ஆரம்பித்தது. 

அப்போது அம்மா சொன்னாள். அத்தை இல்லை. இத்தனை வருஷமும் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அத்தைதான் கெடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கெடுத்தது என் அம்மா.

"அவ பரிச்சயில குந்திக்கினு இருக்கசொல்ல எந்தம்பி வந்துட்டா? குச்சு காலியா கீதுன்னா? அவன் வந்து காலிக் குச்ச பாக்கணுமா டீச்சரம்மா?"

"பார்த்தா என்ன? ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடிக்கட்டும்."

"நாலு சனம் சிரிக்கும்."

டீச்சரம்மா நைனா பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "அவர் எந்தக் கிழமை விமானத்துல வர்றார்?"

"கியமையா?" என்றார் நைனா.

"சிங்கப்பூர் விமானம் தினம் வராதுங்க. வாரத்துல என்னிக்கோதான். எந்தக் கிழமைன்னு தந்தியில இருக்கா?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு உள்ளே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் கணக்குப் புத்தகத்தில் எல்லா ரயிலும் புறப்படும் நேரத்தோடுதான் புறப்படும். அது இல்லாமல் கணக்கே கிடையாது. நான் ஆயிரத்தெண்ணூறை ஏழால் வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே!

நைனாவுக்கு விஷயம் உறைத்திருக்கவேண்டும். அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"கியமை இன்னா கியமை. ஏயு மணி நேரந்தான. இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி. பரிச்ச அடுத்த வருசங்கூட வரும். எந்தம்பி வர்றது ஒரு தபாதான்" என்றாள். "எங்கள சும்மா பேஜார் பண்ணாதீங்க டீச்சரம்மா."

டீச்சரம்மா குச்சு அருகில் வந்து நின்றார்.  என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. உலக்கையைத் தாண்டி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாண்டியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து மணி அடித்தது. பரீட்சை மணி சாதாரண மணி மாதிரி இருக்காது, நீளமாக அடிப்பார்கள். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதி எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. நான் ஒரு கையில் பச்சை முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓலையெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. பச்சை ஓலை என்பதுதான் சடங்கே. இது வைக்கோல் போர் மாதிரி இருந்தது. சித்திரை வெயில் ஓலைக்குள் அப்படியே இறங்கியது. பதினோராம் நாளும் மாமா வரவில்லை, ஓலையைப் பிரிக்கவும் இல்லை. அந்த வாரம் முழுக்க மணி கேட்டது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒவ்வொரு மணிக்கும் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். தாடை வலித்தது.

கணக்குப் பரீட்சை அன்று, கூடப் படித்த பெண் ஒருத்தி கேள்வித்தாளை ஓலை இடுக்கில் நுழைத்துவிட்டு ஓடினாள். காலமும் தூரமும் நாலாவது கேள்வி. இரண்டு ஊர், ஒரு ரயில், நடுவில் ஓரிடத்தில் நின்று போகிறது. தரையில் ஈர்க்கால் போட்டேன். விடை வந்தது. மறுபடி போட்டுச் சரிபார்த்தேன். சரிதான். அதைக் காலால் தேய்த்து அழித்தேன், பாயைத் தூக்கி எறிந்தேன், சொம்பை எறிந்தேன். சொம்பு ஓலையைப் பிய்த்துக்கொண்டு வாசலில் போய் விழுந்தது. அத்தை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். "ஒடம்புக்குச் சூடு. அதான் இப்டி" என்றாள். என் கோபத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பெயர் சூடு. அன்றைக்கு ஒரு முட்டை அதிகமாகக் கொடுத்தார்கள்.

பரீட்சை எல்லாம் முடிந்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். மாமா அதற்கப்புறம் வந்தார்.

வண்டி போகாத அன்று வந்தார். நைனாவுக்கும் சலித்துப்போய் அன்றைக்குத்தான் வண்டியை அவிழ்த்துவிட்டிருந்தார். மாமா செங்கல்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கித் தோல் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெரு முழுக்க வந்துவிட்டது. அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்.

"நெசமாவே ஏயு மணி நேரந்தானா?"

"ஏழு மணி நேரந்தான்" என்றார் மாமா. அவர் பேச்சு மாறிப்போயிருந்தது. "பறக்கிறது ஏழு மணி நேரம். ஏறுறதுக்குத்தான் இத்தனை நாள். லீவு வாங்கணும். அம்மை குத்தின சர்டிபிகேட் இல்லாம ஏற விடமாட்டான். குத்தி எட்டு நாள் ஆனாத்தான் அது செல்லும். எட்டு நாள் ஆச்சு, பார்த்தா அந்த வாரத்து விமானம் போயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அத்தைகூடச் சிரித்தாள். நான் காய்ந்த ஓலைக்குள் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஒரு ஊசி, எட்டு நாள், ஒரு விமானம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு தந்தி போதும். என்றைக்கு வருகிறாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஒரு தந்தி. அதை அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஏழு மணி நேரத்தில் வருகிறவனைப் போய் என்றைக்கு என்று கேட்பார்களா!

சாயங்காலமே சடங்கை வைத்துக்கொண்டார்கள். மாமா உலக்கையை எடுத்துப் போட்டார், நீலப் பட்டுப் புடவையை என் கையில் கொடுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, மாலை போட்டு மனையில் உட்காரவைத்தார்கள். காய்ந்த ஓலையைப் பிரித்துத் தெருமுனையில் கொளுத்தினார்கள். குப்பென்று பிடித்து ஒரே நிமிஷத்தில் எரிந்து முடிந்தது.

அப்போது மாமா எதிரில் வந்து குந்தி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பரீட்சை எப்படிம்மா எழுதின?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டில் அதைக் கேட்ட ஒரே மனுஷன் அவர்.

"அக்கா போன லெட்டர்ல எழுதியிருந்துச்சு, பொண்ணு அரசாங்கப் பரீட்சை எழுதுதுன்னு. நான் வர்றதுக்குள்ள ஒன்பதாம் நாளே எல்லாம் முடிஞ்சிருக்கும், சும்மா புள்ளையப் பார்த்துட்டுப் போவோம்னுதான் வந்தேன். நீங்க இன்னும் ஓலையப் பிரிக்காம வெச்சிருக்கிறதைப் பார்த்தா எனக்கே ஒண்ணும் புரியலை." சட்டைப் பையிலிருந்து ஒரு நீளமான டப்பாவை எடுத்தார். உள்ளே தங்க நிற மூடி போட்ட பச்சைப் பேனா. "இதுல எழுதட்டும்னு வாங்கினேன். பரீட்சைக்குள்ள வந்து சேர முடியலை. எப்படி எழுதின?"

 அம்மா குனிந்து குத்துவிளக்குத் திரியைத் தூண்டினாள். திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் அடுத்த வருசம் எய்திக்கலாம்" என்றாள் அத்தை. மாமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. பேனாவை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். மஞ்சள் ஈரத்தில் டப்பா கெட்டுவிடும் என்று நைனா அதை எடுத்தார். எடுத்துத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மறுநாளும் அது அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும்.

இந்த மனுஷர் கையெழுத்துப் போடுவதோடு சரி. அதையும் மணியக்காரர் பேனாவை வாங்கித்தான் போடுவார். சட்டை போடாமல் வயலுக்குப் போகிறவர், இப்போது பேனாவுக்காகச் சட்டை போட ஆரம்பித்தார்.

அம்மாவின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி காலியாக வந்த வண்டியை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஆகாயத்தில் வந்த தம்பியை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள். நினைக்கட்டும். ஆனால் அந்தக் காலி வண்டியில் போடுவதற்கு அவளுக்குக் கிடைத்தது என் பரீட்சை. அதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது.

மாமா திரும்பிப் போகிறபோது எல்லாரும் மீனம்பாக்கத்துக்குப் போனோம். வழியனுப்ப என்று பேர், விமானத்தைப் பார்க்கத்தான். அதிகாலையில் கிளம்பி, வண்டி, பஸ், செங்கல்பட்டில் ரயில். என் வாழ்க்கையில் முதல் ரயில். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. புதுப் பாவாடையும் தாவணியும் உடம்பில் உறுத்தின.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். மாமா தூரத்தில் படியேறித் திரும்பிக் கையை ஆட்டினார். கதவு மூடிற்று. விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, ஏறியது. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அம்மா விசும்பிக்கொண்டே பெருமையாகச் சொன்னாள், யார் என்றே தெரியாத பக்கத்து அம்மாளிடம்.

"சிங்கப்பூருங்க. ஏயே மணி நேரம்."

எனக்குள் இத்தனை நாளும் சூடு என்று பெயர் வைத்து வளர்த்தது அப்போது வாய் வழியாக வந்தது.

"நைனா, நம்ம வூட்லேந்து பள்ளிக்கூடத்துக்கு எவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

அவர் வானத்திலேயே கண்ணாக இருந்தார். "அஞ்சு நிமிசம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்பது அவருக்கு எட்டியது. கண்ணை மெதுவாக இறக்கி என்னைப் பார்த்தார். 

நான் கையை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டேன். அம்மா "ஏய்" என்றாள். நைனா தடுக்கவில்லை. ரயிலில் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அவர் கை வெறும் பையைத் தடவிக்கொண்டே இருந்தது, என்னிடம் கேட்கவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மணி அடித்தது. எட்டாவதில் மறுபடி உட்காரவைக்கச் சொல்லி டீச்சரம்மா ஆள் அனுப்பியிருந்தார். வயதுக்கு வந்த பெண்ணைத் தெருவில் அனுப்புவதில்லை என்று அம்மா பதில் சொல்லி அனுப்பினாள். எனக்கு அதைச் சொல்லவில்லை. நெல் அவிக்கவேண்டும், அடுப்பைப் பற்றவை என்று மட்டும் சொன்னாள். நான் முதல் மணிக்கே பேனாவில் மை நிரப்பி வைத்திருந்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் மணி அடிக்கிறபோது, தோட்டத்தில் நெல் அவித்தேன்.